ஆபீசுக்குப் பத்து சென்ட் கொடுத்த ராஜையன் அத்தான்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொல்லியிருந்தேன். புன்னைக்கோணத்துக்குப் புது வில்லேஜ் ஆபீஸ் வரும், ஆனால் சீக்கிரத்தில் வராது என்றேன். ஒரே கட்டடத்துக்கு இரண்டு தடவை கல் போடுவார்கள் என்றேன். நிலம் கொடுத்த மனிதர் திறப்பு விழாவுக்கு இருக்க மாட்டார் என்றும் சொன்னேன். மூன்றும் நடந்துவிட்டது. சந்தேகம் உள்ளவர்கள் எங்கள் முக்கில் உள்ள சாயக்கடையில் விசாரித்துக்கொள்ளலாம்.

செய்தி வந்தபோது நான் குன்னத்துகாலில் ஒரு கல்யாண வீட்டில் ஏணிமேல் நின்று பந்தலுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தேன். காலை எட்டு மணி இருக்கும். போனில் எஸ்தர் அக்கா.

"எலே செல்வா, ஒங்க அத்தான் போயாச்சுலே."

"எங்க போனாரு?" என்று கேட்டேன். ஏணிமேல் நிற்கிறவனுக்கு வேறு என்ன கேட்கத் தோன்றும்?

அக்கா போனிலேயே மூக்கைச் சிந்தினாள். பிறகு, "காலத்த சாயா கேட்டாரு. நான் கொண்டு வாறதுக்குள்ள கட்டில்ல சாஞ்சு இருந்தாரு. கூப்பிட்டேன், திரும்பல" என்றாள். நான் கீழே இறங்கினேன். துணியின் ஒரு முனையைக் கட்டாமலே வந்துவிட்டேன் என்பது பாறசாலை தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இந்த நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்று அக்கா மகள் ஜெனி கேட்டுக்கொண்டாள். "மாமா, நீங்க எழுதினா ஆளுங்க வாசிப்பாங்க" என்றாள். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை. நான் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. வாத்தியார்களிடம் எனக்குச் சொல்லித்தர மேற்கொண்டு சரக்கு இல்லாமல் போனதுதான் காரணம். ஆனால் நாற்பது வருடமாகப் பந்தலும் நாற்காலியும் மைக்செட்டும் வாடகைக்கு விடுகிறேன். கேரளத்துக்குள் கிடக்கும் எங்கள் நெய்யாற்றின்கரை தாலூக்கில் என் மைக்கில் பேசாத தலைவர் கிடையாது. கேட்டுக் கேட்டே எனக்குப் பேச்சும் எழுத்தும் வந்துவிட்டது.

திரு. ராஜையன் அவர்கள் எங்கள் வில்லேஜ் ஆபீசில் வில்லேஜ்மேனாக வேலை பார்த்தவர். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வில்லேஜ் ஆபீசர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்; வில்லேஜ்மேன் பூமியில் நடப்பார். நோட்டீஸ் கொண்டு கொடுப்பது, அளக்கும்போது சங்கிலி பிடிப்பது, இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல் வரை யாருடையது என்று காட்டிக்கொடுப்பது எல்லாம் அவர் வேலை. அத்தான் அதை முப்பது வருடத்துக்கு மேல் செய்தார். ஊரில் ஒரு ஆளைப் பார்த்தால் மற்றவர்களுக்கு முகம் நினைவுக்கு வரும், அத்தானுக்கு சர்வே நம்பர் நினைவுக்கு வரும்.

என் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றும் அப்படித்தான். பலகாரம் வைத்திருக்கிறது, பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை மட்டும் ஜன்னல் வழியே எங்கள் மாட்டுத் தொழுவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எங்கள் அப்பாவிடம், "மாமா, ஒங்களுக்க வடக்கு எல்லைக் கல்லு அந்தத் தொழுவத்துக்கு அடியில கெடக்கு, கேட்டியளா?" என்றார். அப்பாவுக்குக் கோபம். இரண்டு தலைமுறையாக நாங்கள் அந்தக் கல்லைக் காணவில்லை என்று தேடிக்கொண்டிருந்தோம். மறுநாள் தோண்டினால் முழங்கை ஆழத்தில் கல் இருந்தது. தோண்டியது நான்தான். பெண்ணைக் கொடுக்கலாம் என்று அப்பா அந்தக் குழிக்குப் பக்கத்தில் நின்றுதான் முடிவு செய்தார்.

அப்போதெல்லாம் வில்லேஜ் ஆபீஸ் முக்கில் ஒரு ரப்பர் ஷீட் கடைக்கு மேலே வாடகை மாடியில் இருந்தது. பதினேழு படி, ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் இறங்க முடியாது. ஷீட்டின் நாற்றம் ஒரு பக்கம், மழைக்காலத்தில் படியில் பாசி ஒரு பக்கம். வருமானச் சான்று வேண்டுமா, ஏறு. நிலவரி கட்ட வேண்டுமா, ஏறு. கால் இல்லாதவனுக்குக் கால் இல்லை என்று எழுதி வாங்க வேண்டுமா, அதற்கும் ஏறத்தான் வேண்டும்.

தையல்கார தாசனுக்குச் சின்ன வயதிலேயே கால் சூம்பிவிட்டது. அவன் கீழே நின்று "ராஜையன் சாரே!" என்று கூப்பிடுவான். அத்தான் ரெஜிஸ்டரையும் மை டப்பாவையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்குவார். புதிதாக வந்த ஒரு வில்லேஜ் ஆபீசருக்கு அது பிடிக்கவில்லை. இந்த வாக்குவாதத்தை நான் நேரில் கேட்டேன். எனக்கும் அன்று ஒரு சான்று வேண்டியிருந்தது.

"ராஜையா, ரெஜிஸ்டர் ஆபீசை விட்டு வெளிய போகக்கூடாது."

"போகாது சார். இந்தப் படி ஆபீசுக்க படியா, கடைக்காரனுக்க படியா?"

"ஆபீசுக்க படி. அதுக்குமாக்கும் வாடகை கொடுக்குது."

"அப்பம் கடைசிப் படியும் ஆபீசு தான சார்? நான் அதுல நிப்பேன். தாசன் ரோட்டுல நிப்பான்."

அன்றிலிருந்து கடைசிப் படிதான் எங்கள் ஊரின் கவுண்டர். ஏற முடியாதவர்கள் எல்லோரும் அங்கே வந்தார்கள். ஒரு நாளைக்கு இருபது தடவை அத்தான் இறங்கி ஏறியிருப்பார். நான் எண்ணினால் நாற்பது வரும், ஆனால் இருபது என்றே இருக்கட்டும்.

அத்தான் லீவில் இருந்த ஒரு நாள், வேலப்பன் என்ற பெரியவர் கூப்பிட்டுப் பார்த்து யாரும் வராததால் தானே ஏறினார். ஒன்பதாவது படியில் வழுக்கி இடுப்பெலும்பு ஒடிந்தது. அதற்குப் பிறகு அவர் எழுந்து நடக்கவில்லை. அத்தான் அவரைப் பார்க்கப் போய்விட்டு வந்து, "ஆபீசு தரையில இருக்கணும் மக்கா" என்று மட்டும் சொன்னார். அதை ஓய்வு பெறும் நாள் வரை எல்லா ஆபீசரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். இடம் இல்லை என்றார்கள்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு, இலவசமாக நிலம் கிடைத்தால் புது மாதிரி ஸ்மார்ட் வில்லேஜ் ஆபீஸ் கட்டித் தருவோம் என்று அரசு அறிவித்தது. எங்கள் ஊரில் இலவசமாக வாழையிலை கூட யாரும் கொடுப்பதில்லை. அத்தானுக்கு வாய்க்கால் கரை மண்பாதையை ஒட்டி நாற்பது சென்ட் இருந்தது. வாழையும் மரச்சீனிக் கிழங்கும் போட்டிருந்தார். அதில் பாதைப் பக்கத்துப் பத்து சென்டை ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தார்.

அக்கா முதலில் சம்மதிக்கவில்லை. "பிள்ளைக்கு வெச்சிருந்த பூமியாக்கும் அது" என்றாள்.

"பின்னால முப்பது கெடக்கில்லியா எஸ்தர்? அது பிள்ளைக்கு. முன்னால பத்துல கால் வய்யாதவங்க வரட்டு" என்றார் அத்தான்.

இந்த இடத்தில் நான் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். நிலம் கொடுக்கும் அந்த யோசனை என்னுடையது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு எப்படி வந்தது என்பதையும் முறையாகச் சொல்கிறேன்.

நிலம் கொடுத்த அடுத்த வருடம் மந்திரி வந்து அடிக்கல் போட்டார். பந்தல் என்னுடையது. பத்தாயிரம் பேர் வந்தார்கள்; நாற்காலி முந்நூறுதான் போட்டேன், மற்றவர்கள் நின்றார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மந்திரி அத்தானுக்குப் பொன்னாடை போர்த்தினார். அத்தான் அதை மடித்துத் தாசனிடம் கொடுத்து, "இதுல ஒனக்கு ஒரு சட்டை தெய்க்க முடியுமான்னு பாரு" என்றார். பிறகு தேர்தல் வந்தது. ஆட்சி மாறியது. கல் மட்டும் நின்றது. அதில் ஆடு கட்டினார்கள்.

எங்கள் பஞ்சாயத்தின் புது மெம்பர் சுகுமாரன் ஜெயித்த கட்சிக்காரர். ஊரின் மறுகோடியில், தம்முடைய வார்டில் ஆபீஸ் வர வேண்டும் என்பது அவர் ஆசை. அதில் தப்பில்லை, எல்லா மெம்பருக்கும் உள்ள ஆசைதான். ஒரு நாள் சாயக்கடையில் என்னைப் பார்த்ததும் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

"செல்வராஜண்ணே, ஒங்க அத்தான் பாவம் மனுசன். பத்து சென்ட்ட சும்மா தூக்கிக் கொடுத்திட்டு, இப்பம் ஆபீசும் இல்ல, பூமியும் இல்ல."

நான் சாயாவை ஊதி ஆற்றினேன்.

"ஊருல என்ன பறயுதாங்க தெரியுமா? ராஜையன் சாருக்கு சர்வே நம்பர் மட்டும் தான் தெரியும், ஒலகம் தெரியாதுன்னு. ஒங்க குடும்பமே அப்படித்தான்னு."

கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவனைக் கள்ளன் என்றால்கூடப் பொறுத்துக்கொள்வான். மண்டன், புத்தியில்லாதவன் என்றால் பொறுக்க மாட்டான். நான் கண்ணாடி தம்ளரைக் கீழே வைத்தேன்.

"மெம்பரே, ஒலகம் தெரியாம கொடுத்ததொண்ணும் இல்ல. யோசன பண்ணியாக்கும் கொடுத்தது. முன்னால பத்து போனா ஆபீசு வரும். ஆபீசு வந்தா மண்பாத தார் ரோடாகும். ரோடு வந்தா பின்னால கெடக்க முப்பது சென்ட் தங்கமாக்கும்! இத அத்தானுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்."

"அப்படியா! எப்பம் சொன்னிய?"

"நேந்திர வாழக் கொல வெட்டின அன்னைக்கு. கெணத்துக்குப் பக்கத்துல நின்னு. அத்தான் கேட்டுட்டு, 'மக்கா, நீ ஆளு கொள்ளாமே, புத்திக்காரன்'ன்னு சொன்னாரு."

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் என்னை ஒரு மதிப்போடு பார்த்தார்கள். மெம்பர் என் சாயாவுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கழியவில்லை, புகார் மனு போய்விட்டது. சொந்த ஆதாயத்துக்காகவே நிலம் கொடுக்கப்பட்டது, அரசு ஆபீசைக் காட்டித் தம் நிலத்துக்கு ரோடு பிடிக்கப் பார்க்கிறார், இதை விசாரிக்கும் வரை வேலை தொடங்கக் கூடாது, வேறு இடம் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அடியில் ஒரு வரி: 'நிலம் கொடுத்தவரின் மனைவியின் உடன்பிறந்த தம்பியே இதைப் பொது இடத்தில் பத்துப் பேர் கேட்கச் சொல்லியிருக்கிறார்.' பெயரும் போட்டிருந்தார்கள். முகவரி சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு வருடக்கணக்கில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபைல் நெய்யாற்றின்கரைக்குப் போனது, அங்கிருந்து கலெக்டர் ஆபீசுக்குப் போனது, விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது. ஆபீஸ் வேண்டும் என்று ஒரு கட்சி அந்த இடத்தின் முன்னால் தர்ணா இருந்தது. ஊழல் விசாரணை வேண்டும் என்று மறு கட்சி அடுத்த வாரம் அதே இடத்தில் இருந்தது. இரண்டுக்கும் மைக் நான்தான் கொடுத்தேன். கொடுக்காவிட்டால் பாறசாலையிலிருந்து வேறு ஆள் கொண்டுவந்திருப்பான். அத்தான் இரண்டு கூட்டத்துக்கும் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மறு கட்சிக்காரர்கள் முதலில் தயங்கினார்கள். வெயில் ஏறியதும் குடித்தார்கள்.

ஒரு நாள் தாலூக்கு ஆபீசில் எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாக விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். விசாரித்த அம்மா நல்ல மாதிரி. என்னை முதலில் கேட்டார்கள்: சாயக்கடையில் அப்படிச் சொன்னீர்களா? வெளியே வராந்தாவில் மெம்பரும் அன்று சாயக்கடையில் இருந்தவர்களில் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். சொன்னேன் என்றேன். அத்தானிடம் அந்த யோசனையைச் சொன்னது உண்மையா? உண்மை என்றேன். அந்த அம்மா மலையாளத்தில் எழுதி வாசித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன்.

பிறகு அத்தானிடம் திரும்பினார்கள். "உங்கள் மச்சினர் இப்படிச் சொல்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"அவன் சொன்னதா எனக்கு ஓர்மை இல்ல மேடம். நான் கொடுத்தது ஆபீசு தரையில வரணும்னு. ரோட்டுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்படியென்றால் அவர் சொன்னது பொய் என்று எழுதட்டுமா? அப்படி எழுதினால் ஃபைலை இன்றைக்கே முடித்துவிடலாம்."

அத்தான் வெகு நேரம் யோசித்தார். "முப்பது வருசம் நானும் சாட்சி வாங்கியிருக்கேன். அறியாதத அறியாதுன்னு தான் எழுதணும். பொய்னு எழுத எனக்கு ஒறப்பில்ல. என் வீட்டுக்காரிக்க தம்பியாக்கும். ஓர்மை இல்லன்னு எழுதுங்க" என்றார்.

அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு அப்படியே எழுதினார்கள். ஃபைல் முடியவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அத்தான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். அமரவிளை பாலம் தாண்டியதும் கேட்டார்.

"நீ எப்பம் மக்கா எனக்கு அதச் சொன்ன?"

"நேந்திரக் கொல வெட்டினோமே அத்தான். கெணத்துக்குப் பக்கத்துல."

"கொல வெட்டினது ஓர்மை உண்டு. எட்டு சீப்பு. நீ தோள்ல வெச்சுக் கொண்டு போன."

"அதுக்கு முன்னால பேசினோம் அத்தான். நீங்க மறந்திருப்பிய."

இறங்க வேண்டிய இடம் வந்தபோது, "வயசாயாச்சு, இல்லியா?" என்றார்.

அந்த வாரம் அவர் கையடக்கமான ஒரு நோட்டு வாங்கினார். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். யார் என்ன சொன்னாலும் எழுதிக்கொள்வார். ஊரின் எல்லைக் கல் எல்லாம் மனத்தில் வைத்திருந்த மனிதர், அக்கா உப்பு வாங்கி வரச் சொன்னால் அதையும் எழுதிக்கொண்டு போனார்.

சுகுமாரன் மெம்பரின் வார்டில் இலவசமாக நிலம் கொடுக்க ஒருவரும் வரவில்லை. கடைசியில் அவர்கள் ஆட்சியே அதே பத்து சென்டில் கட்டுவது என்று முடிவு செய்தது. விசாரணை தனியாக நடக்கட்டும், வேலை நடக்கட்டும் என்றார்கள். பழைய கல்லுக்குப் பக்கத்தில் புது அடிக்கல் போட்டார்கள். பந்தல் என்னுடையது; துணியின் நிறத்தை மட்டும் மாற்றினேன். மேடையில் அத்தானுக்கு நானாக ஒரு நாற்காலி போட்டேன். விசாரணை முடியாத ஆளை மேடையில் வைக்க முடியாது என்று சொல்லி அதை எடுத்துவிட்டார்கள். பின்வரிசையில் போய் அத்தான் பக்கத்தில் நின்றேன். "இங்க வெயிலு கொறவு மக்கா. இது போரும்" என்றார்.

வேலை தொடங்கிய பிறகு அவர் தினமும் அங்கே போனார். வாசலில் இரண்டு படி கட்டப் பலகை அடித்திருப்பதைப் பார்த்ததும் எஞ்சினீயரிடம் போய்ப் படி வேண்டாம், சரிவுப் பாதை போடுங்கள் என்றார். "நிங்ஙள் ஆரா?" என்று அந்தப் பையன் கேட்டான். "பழைய வில்லேஜ்மேன்" என்றார் அத்தான். வரைபடத்தில் படிதான் இருக்கிறது என்றான் அவன். அத்தான் தாசனைக் கூட்டிவந்து பலகைக்கு முன்னால் நிறுத்தி, "மக்கா தாசா, ஏறு" என்றார். தாசனும் விடாமல் ஏறப் பார்த்தான். எஞ்சினீயர் பாதியிலேயே அவன் கையைப் பிடித்து நிறுத்தினான். இரண்டு நாளில் பலகையைக் கழற்றிவிட்டார்கள். கூரை வார்த்தபோது ஒழுங்காக நனைக்க ஆள் வரவில்லை. ஒரு வாரம் காலையும் மாலையும் அத்தானே குழாய் பிடித்து நனைத்தார். அப்போது அவருக்கு எழுபத்திரண்டு வயது.

கல்வெட்டுக்கு எழுதிக் கொடுத்த பெயர்களில் மந்திரி இருந்தார், மற்ற தலைவர்கள் இருந்தார்கள், சுகுமாரன் மெம்பரும் இருந்தார். நிலம் கொடுத்தவர் இல்லை. ஜெனி போய்க் கேட்டாள். ஃபைல் முடியவில்லை, ஆதாயத்துக்குக் கொடுத்தார் என்ற வாக்குமூலம் அதில் அப்படியே கிடக்கிறது, அது இருக்கும்போது பெயர் போட முடியாது என்றார்கள்.

அன்று சாயங்காலம் அத்தான் என்னிடம் சொன்னது இது: "கல்லுல பேரு வேண்டாம் மக்கா. அந்த ஃபைலு ஒண்ணு முடிஞ்சா போரும். நான் வேல பாத்த ஆபீசாக்கும். நாளைக்கு ஒருத்தன் அலமாரியத் தொறந்து பாக்கும்போ, ராஜையன் ஆதாயத்துக்குக் கொடுத்தான்னு அதுல கெடக்கப்பிடாது."

"முடியும் அத்தான். நான் பாத்துக்கிடுறேன்" என்றேன்.

நான் பார்த்துக்கொள்ளவில்லை. போகலாம் போகலாம் என்று இரண்டு ஓணமும் ஒரு கிறிஸ்துமஸும் போனது. அதற்குள் அவருக்கு நெஞ்சு வலி வந்தது, மருந்து சாப்பிட்டார், நன்றாகத்தான் இருந்தார். இறப்பதற்குப் பத்து நாள் முன்பு என்னைப் பார்த்ததும் நோட்டை எடுத்தார். "அந்தக் கொல வெட்டினது எந்த மாசம் மக்கா?" என்று கேட்டார். ஓணம் வரும் சிங்க மாசம் என்றேன். எழுதிக்கொண்டார்.

அடக்கத்துக்குக் கொண்டுபோனபோது வழியில் புது ஆபீஸ். பெட்டியைத் தூக்கியவர்கள் யாரும் சொல்லாமலே அதன் முன்னால் நின்றார்கள். உள்ளே தரை ஓடு பதித்துக்கொண்டிருந்த வங்காளத்துப் பையன்கள் சிமெண்டுக் கையோடு வெளியே வந்து நின்றார்கள். தாசன் அந்தச் சரிவுப் பாதையில் தன்னந்தனியாக, யாரையும் பிடிக்காமல், மேலே வரை ஏறிப் போய்த் திரும்பி நின்றான். சுகுமாரன் மெம்பரும் வந்திருந்தார். அவர் பெட்டிக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தார் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

மூன்றாம் நாள் ஜெனி அந்த நோட்டை என் கையில் கொடுத்தாள். "மாமா, அப்பா ஒங்களப் பத்தி நெறைய எழுதியிருக்காரு" என்றாள். நான் சந்தோஷமாகத்தான் வாங்கினேன். முதல் பக்கத்தில் அந்த விசாரணை நாளின் தேதி. அடியில், 'செல்வா சொன்னது, கிணற்றுப் பக்கம், நேந்திரக் குலை. ஓர்மை இல்லை.' சில பக்கம் தள்ளி மறுபடியும்: 'குலை எட்டு சீப்பு. எஸ்தர் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். செல்வா பேசியது ஓர்மை இல்லை.' இப்படி அந்த நோட்டில் பதினோரு இடத்தில் இருக்கிறது. கடைசியாக எழுதியது: 'சிங்க மாசம். ஓர்மை இல்லை. செல்வா பொய் சொல்ல மாட்டான்.'

நேற்று நான் நெய்யாற்றின்கரைக்குப் போய் தாலூக்கு ஆபீசில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த அம்மா மாற்றலாகிப் போய்விட்டார்கள். ஃபைல் கலெக்டர் ஆபீசில் இருக்கிறதாம். சேர்த்து அனுப்புவதாகச் சொல்லி ரசீது தந்திருக்கிறார்கள். ஃபைல் நகர எத்தனை நாள் ஆகும் என்று நான் இனிமேல் முன்கூட்டிச் சொல்லப்போவதில்லை. அதனால் அதில் எழுதியதை இங்கேயும் எழுதுகிறேன், ஊர் வாசிக்கட்டும்.

கிணற்றுப் பக்கத்தில் நான் அத்தானிடம் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ரோட்டைப் பற்றியோ முப்பது சென்டைப் பற்றியோ அவரிடம் நான் ஒரு நாளும் பேசியதில்லை. அந்த யோசனை சாயக்கடையில் மெம்பர் முன்னால் என் வாயில் வந்தது. அத்தான் நிலம் கொடுத்த விஷயமே, அவர் கையெழுத்துப் போட்டு வந்து மூன்று நாள் கழித்து, அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். குலை வெட்டிய அன்று நான் கேட்டது, எங்கள் வீட்டுக்கு நாலு சீப்பு கிடைக்குமா என்று. எட்டையும் கொண்டு போ மக்கா என்று சொன்னார்.

அத்தான், உங்களுக்கு மறதி வரவில்லை. நடக்காததால்தான் அது உங்கள் ஓர்மையில் இல்லை. நிம்மதியாகத் தூங்குங்கள்.